வடக்கு வெயில் வீடு: ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு வருடம் இருந்த பிறகு

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்கு வடக்கே உள்ள மிட்ராண்டில் மனை வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்து, "உங்க வீடு மாதிரியே கட்டலாமாண்ணே?" என்று கேட்டார். மேல் சன்னலைச் சரிசெய்தவர் காசு வாங்கிக்கொண்டு கிளம்பிய நேரம் அது. அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

குளிர்காலத்தில் வெயிலாலும் கோடையில் இரவுக் காற்றாலும் ஓடும்படி வரைந்த வீடு இது. குளிர்காலத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊரில் தெற்கே சன்னல் வைத்துத் தென்றலுக்குக் காத்திருப்போம். இது பூமியின் தென்பாதி. இங்கே தெற்கிலிருந்து வருவது எலும்பைத் துளைக்கும் வாடை, சூரியன் போவதோ வடக்கு வானத்தில். அதனால் கூடத்துக்கு வடக்கே முழுக்கக் கண்ணாடிக் கதவு, தெற்கே சின்னச் சின்ன சன்னல்கள். ஜூன் கடைசியில் உச்சிப் பொழுதிலும் சூரியன் 40 பாகை உயரத்தில்தான் நிற்கும், வெயில் இரண்டு மீட்டருக்கு மேல் உள்ளே வந்து படுக்கும். டிசம்பரில் 87 பாகை, கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. 60 சென்டிமீட்டர் கூரை நீட்டம் போதும், கண்ணாடி முழுக்க நிழல். பொங்கலன்று நடுப்பகலில் ஒரு விரற்கடை வெயில்கூட உள்ளே வராது.

ஒரு ஆனி மாதம் மாமியார் வந்திருந்தார். கூடத்தில் வெயில் விழும் கறுப்புத் தரையில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வடகம் பிழிந்தார். வெளியே 15 டிகிரி. வேட்டிக்கு அடியில் கை வைத்தால் தரை இதமாகச் சுட்டது. மூன்றாம் நாள் துணியில் தண்ணீர் தெளித்து உரித்தபோது வடகம் ஒன்றுகூட உடையவில்லை. "பங்குனி வெயிலை இங்க கொண்டாந்துட்டீங்களே மாப்பிள்ளை" என்றார். கான்கிரீட்டின் மேல் ஓடு, கார்பெட் கிடையாது. பகலில் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரை அந்தத் தரை விட்டுக்கொண்டே இருக்கும். 2023 மே மாதம், ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் போகும் ஆறாம் நிலை மின்வெட்டு வந்தபோது தெருவில் எல்லோரும் கேஸ் ஹீட்டருக்கு அலைந்தார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதுமாக இருந்தது.

சோலார் கீஸரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2011இல் வந்த கட்டட விதிப்படி புது வீட்டுச் சுடுதண்ணீரில் பாதியாவது மின்சாரக் கம்பிச்சுருளின் சூடு இல்லாமல் கிடைக்க வேண்டும். வைத்தோம், நன்றாக ஓடுகிறது.

கோடைதான் பிரச்சினை. தரைக்குக் காலம் தெரியாது. வெயில் படாவிட்டாலும் பகல் காற்றின் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். இரவில் குளிர்ந்த காற்றை விட்டு அதை இறக்கியாக வேண்டும். இந்த மேட்டு நிலத்தில் ஜனவரியிலும் விடியற்காலை 15 டிகிரிக்கு இறங்கும், ஆகவே குளிர்ந்த காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் திருட்டுப் பயம் உள்ள இந்த ஊரில் யார் சன்னலைத் திறந்து போட்டுத் தூங்குவார்கள்? அதற்குத்தான் ஆர்க்கிடெக்ட் கூரை முகட்டுக்குக் கீழே, யாருக்கும் எட்டாத உயரத்தில், நாலு சன்னல் வைத்தார். கம்பி போட்ட தெற்குச் சன்னல் வழியே குளிர்ந்த காற்று வரும், சூடு மேலே ஏறி வெளியே போகும். அந்தச் சன்னல்கள் ஒழுங்காக வேலை செய்த ராத்திரிகளில் போர்வை தேடியிருக்கிறோம்.

அந்த நாலு சன்னலையும் திறப்பது சுவரில் இருக்கும் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் குழாய்க்குள் ஓடும் மெல்லிய முறுக்குக் கம்பி சன்னலைத் தள்ளும். குழாய் வளையும் இடத்தில் அந்தக் கம்பி இழை இழையாகப் பிரிந்து அறுகிறது, மூன்று தடவையும் அதே இடத்தில். ஒரு ஜனவரியில் மூடியிருந்தபோது அறுந்தது. பன்னிரண்டு ராத்திரி, தரை 28 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை, சின்னவள் தூங்காமல் அழுதாள். இந்தத் தடவை திறந்திருந்தபோது அறுந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஆலங்கட்டி மழை. சாப்பாட்டு மேசை மேல் பனிக்கட்டி குதித்தது, சுவரோரம் தண்ணீர் வழிந்தது. ஒவ்வொரு தடவையும் பெரிய ஏணி, இரண்டு ஆள் கூலி. அதே கம்பி இனிக் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஆர்க்கிடெக்ட்டின் வெயில் கணக்கு ஒரு பாகை தப்பவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் "பராமரிப்பே தேவைப்படாது" என்றும் அவர்தான் சொன்னார். அது தப்பு. ஒரு வீட்டின் கோடை முழுவதையும் பென்சில் தடிமன்கூட இல்லாத கம்பியில் தொங்கவிட்டிருக்கக் கூடாது.

அதனால், தம்பி, இதே மாதிரி கட்டாதீங்க. மேல் சன்னலுக்குக் கீழே ஒரு மரப் பரணும் படியும் போட்டு, ஏறிப் போய்க் கையாலேயே திறக்கிற மாதிரி வரைந்து கொடுத்தால் பிளானில் கையெழுத்துப் போடுங்க. இல்லை என்றால் சாதாரண வீடும் ஒரு ஏசியும் போதும்.