பூட்டுப் படம் வந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்

குமுளி, கம்பம், போடி பக்கம் ஹோம்ஸ்டே புக்கிங்குக்கோ ஏலக்காய் ஆர்டருக்கோ வெப்சைட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

குமுளி ஹோம்ஸ்டே ஒன்றின் லாராவெல் (பிஎச்பியில் தளம் கட்டும் கருவி) தளத்தைப் பழைய அப்பாச்சி ஹோஸ்டிங்கிலிருந்து கேடி (Caddy) என்ற வெப் சர்வர் மென்பொருளுக்கு மாற்றியவர், பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தைக் காட்டி, "அண்ணே, பூட்டு வந்திருச்சு, வேலை முடிஞ்சது" என்று முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பூட்டுக்குக் காரணமான எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு மட்டும் வருஷம் 4,500 ரூபாய் என்று தனி பில். கேடி அந்தச் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பிடமிருந்து இலவசமாகத் தானே வாங்கும். காலாவதி ஆகும் முன் தானே புதுப்பிக்கும். டொமைனின் ஏ ரெக்கார்டு (பெயரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்ற குறிப்பு) சர்வர் ஐபியைக் காட்டி, 80, 443 போர்ட் (சர்வருக்குள் வரும் வழிகள்) இரண்டும் திறந்திருந்தால் போதும். இதற்குக் காசு வாங்குவது அநியாயம்.

அதைவிடப் பெரிய கேடு, எந்த ஃபோல்டரை வெளியே காட்டுவது என்று கேடியின் அமைப்புக் கோப்பான கேடிஃபைலில் சொல்லும் ரூட் வரியில் இருந்தது. லாராவெலில் வெளியே தெரிய வேண்டியது பப்ளிக் ஃபோல்டர் மட்டும்தான். பழைய ஹோஸ்டிங்கில் யாரோ இன்டெக்ஸ் கோப்பை பப்ளிக்கிலிருந்து மேலே இழுத்துப் போட்டு, மற்ற கோப்புகளை எச்டிஅக்சஸ் என்ற அப்பாச்சியின் கட்டுப்பாட்டுக் கோப்பில் தடுத்து வைத்திருந்தார்கள். கேடி எச்டிஅக்சஸைப் படிக்கவே படிக்காது. புள்ளியில் தொடங்கும் கோப்புகளையும் அது தானாக மறைப்பதில்லை. மொத்த ஃபோல்டரையும் ரூட்டாகக் கொடுத்ததால் அந்தத் தடை ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

போனில் டொமைன் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, புள்ளி, என்வ் (/.env, லாராவெலின் ரகசிய அமைப்புக் கோப்பு) என்று தட்டினால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு எல்லாம் வரிவரியாக வந்து நின்றன. ஸ்டோரேஜ் ஃபோல்டருக்குள் விருந்தினர்களின் ஆதார் நகல்கள், புக்கிங் எண்ணையே பெயராகக் கொண்டு. எண்ணை மாற்றினால் அடுத்தவர் ஆதார். நம்பிக் கொடுத்தவர்களின் ஆவணம் அது.

உங்கள் தளத்திலும் இப்போதே தட்டிப் பாருங்கள். பாஸ்வேர்டுகள் தெரிந்தால், இன்டெக்ஸைப் பழையபடி பப்ளிக்குக்குள் வைத்து, அதன் உள்ளே இருக்கும் பாதைகளையும் சரிசெய்து, கேடிஃபைலின் ரூட் பப்ளிக்கில் முடியும்படி மாற்றி ரீலோடு செய்யச் சொல்லுங்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. வெளியே தெரிந்த ஒவ்வொரு பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும், ஏற்கெனவே யார் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. அதே என்வ் கோப்பில் இருக்கும் ஆப் கீயையும் (தளம் விவரங்களைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவி) மாற்றுங்கள், ஆனால் அதை வைத்து என்கிரிப்ட் செய்த விவரங்கள் டேட்டாபேஸில் இருந்தால் கவனம்: பழைய கீ இல்லாமல் அவற்றைத் திறக்க முடியாது. லாராவெல் 11 முதல் பழைய கீயையும் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

சர்வர் மாற்றும் நாளில் 502 பிழை (கேடியால் பிஎச்பியிடம் பதில் வாங்க முடியவில்லை என்பது) வருவது சகஜம். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் பிஎச்பி சாக்கெட் (கேடி பிஎச்பியோடு பேசும் இணைப்பு) டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனருக்குச் சொந்தம், கேடியோ கேடி என்ற பயனராக ஓடும். கேடியை அந்தக் குரூப்பில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அதற்குப் பதில் கேடியையே எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டுகிறேன், ஃபோல்டருக்கெல்லாம் 777 (யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற அனுமதி) கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.