ஜான்சன் பார்க்: ராரிட்டன் கரையில் எங்கள் எட்டு வருடம்

நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்குக் குடிவந்த புதிதில், 2017 வசந்தத்தில், முதல்முறையாக ஜான்சன் பார்க் போனோம். பெரியவனுக்கு அப்போது மூன்று வயது. ஊஞ்சல் இருக்கிறது, காரில் கால் மணி நேரம்தான், நுழைவுக் கட்டணம் கிடையாது. அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் பனி கொட்டும் மாதங்கள் போக, மாதத்துக்கு இரண்டு தடவையாவது போய்விடுகிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், எங்கே கூட்டிப் போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். கூடவே இன்னொன்றும் சொல்வேன்: ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுன்டிக்கு, நம்மூர் மாவட்டம் மாதிரி, சொந்தமான பூங்கா இது. ராரிட்டன் ஆற்றங்கரையை ஒட்டி, பிஸ்காட்டவே, ஹைலண்ட் பார்க் என்ற இரண்டு ஊர்களிலுமாக 473 ஏக்கருக்கு நீளவாக்கில் கிடக்கிறது. உள்ளே போகும் சாலையும் ஆற்றோடு கூடவே வருவதால் காரை எங்கே நிறுத்தினாலும் கரை பக்கத்தில்தான். எல்லாம் சமதளம். தள்ளுவண்டிக் குழந்தையோ முட்டிவலிக்காரரோ சிரமமில்லாமல் போகலாம்.

இந்தச் சமதளத்துக்குக் காரணம் ஆறுதான். மழை மிஞ்சினால் ராரிட்டன் விரிந்து படுக்கிற வெள்ளச் சமவெளி இது. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு நாலு வருடம் ஆனது. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சம் வந்து கொட்டியதே, நெவார்க்கில் ஒரே நாளில் 8 அங்குலத்துக்கு மேல் மழை, அப்போது பூங்கா முழுக்க முங்கிப் போனது. சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். நாங்கள் வழக்கமாக உட்காரும் மேஜைக்குப் பக்கத்து மரத்தில், என் தோளுக்கு மேலே, சேற்றுக் கோடு ஒன்று வளையமாகப் பதிந்திருந்தது. அதற்கு மேல் பட்டை சாம்பல் நிறம், கீழே காய்ந்த வண்டல் பூசின பழுப்பு. கோட்டோடு கோடாக வைக்கோல் துரும்பும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் ஒட்டியிருந்தன. பையன் எம்பி எம்பிப் பார்த்தான், கை எட்டவில்லை. "அம்மா, நாம சாப்பிடற இடத்துல ஆறு நின்னுச்சா?" என்றான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். பெரிய மழைக்கு அடுத்த நாட்களில், ஆற்றின் மேல்பக்கத்தில் உள்ள பவுண்ட் புரூக் அளவுமானியின் நீர்மட்டத்தை ஃபோனில் பார்த்துவிடுவோம். அங்கே 28 அடி வந்தால் வெள்ளம் என்று கணக்கு. 1999-ல் ஃபிளாய்டு புயலின்போது 42 அடியைத் தாண்டியிருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகும் தரை காய ஒரு வாரம் கொடுங்கள். புல்வெளி பார்க்கக் காய்ந்தாற்போல் இருக்கும், கால் வைத்தால் கணுக்கால் வரை சேறு.

என் மாமனார் திருவையாற்றுக்காரர். காவிரியில் நீந்தி வளர்ந்தவர். 2019 கோடையில் ஆறு மாதம் எங்களோடு இருந்தார். வீட்டுக்குள் அடைந்து கிடந்து சோர்ந்துபோன மனிதரை, ஒரு சாயங்காலம் இங்கே அழைத்து வந்தோம். கரையோர பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போய் ஒரு காய்ந்த குச்சியைப் பொறுக்கி வீசினார். குச்சி கீழே போகாமல் மெதுவாக மேலே, ஊருக்குள் போகும் திசையில் நகர்ந்தது. "ஏம்மா, இங்க தண்ணி எதிர்ல போவுதே!" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவரே பதிலும் சொன்னார்: "கடல் பக்கத்துலதான் இருக்கு போல. ஏறுது."

அவர் சொன்னது சரி. ராரிட்டன் விரிகுடாவிலிருந்து கடல் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், இவ்வளவு தூரம் ஏறி வருகிறது. இறங்கும் நேரத்தில் பார்த்தால் கரையோரம் கரும்சேறு பளபளவென்று தெரியும். நான் இரண்டு வருடமாகப் பார்த்தும் கவனிக்காததை அவர் ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் தினமும் ஐந்து மணிக்கெல்லாம் சட்டை மாற்றிக்கொண்டு தயாராகிவிடுவார். குச்சி வீசுவது பேரனுக்கும் தொற்றிக்கொண்டது.

கப்பல்கள் மேலேறி வரக்கூடிய எல்லையும் இதுதான் என்பதால், 18-ஆம் நூற்றாண்டில் இங்கே ராரிட்டன் லேண்டிங் என்று ஒரு துறைமுகக் கிராமம் இருந்தது. அதன் மிச்சமெல்லாம் இப்போது மண்ணுக்கு அடியில். கொர்னீலியஸ் லோ என்ற வணிகர் 1741-ல் கட்டிய கல்வீடு மட்டும் ரிவர் ரோட்டுக்கு மேலே மேட்டில் நிற்கிறது, கவுன்டி அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. ஆறு ஏற முடியாத உயரம் பார்த்துக் கட்டிய வீடுதான் மிஞ்சியிருக்கிறது.

பூங்காவுக்குள்ளேயே ஈஸ்ட் ஜெர்சி ஓல்டு டவுன் என்று பழைய வீடுகளைக் கொண்டுவந்து சேர்த்த ஒரு தெரு இருக்கிறது. பள்ளியில் அமெரிக்க வரலாறு படிக்கும் பிள்ளைகள் இருந்தால் விடவே கூடாது. நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து பெயர்த்து வந்த இந்தியன் குவீன் சத்திரம் அங்கேதான். 1776 செப்டம்பரில் அமெரிக்க விடுதலைத் தலைவர்கள் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஜான் ஆடம்ஸும் நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு சத்திரத்தில் இடமில்லாமல் ஒரே கட்டிலில் படுத்தார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று விவாதம். காற்று நல்லது என்று ஃபிராங்க்ளின் விளக்கிக்கொண்டே போக, கேட்டபடியே தூங்கிவிட்டதாக ஆடம்ஸே எழுதியிருக்கிறார். அந்தச் சத்திரம் இதுதான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இந்தக் கதை மனப்பாடம், இரவு ஜன்னல் சண்டை வரும்போதெல்லாம் எடுத்து விடுவார்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு விலங்குகள் இருக்கும் பகுதி. ஆடு, மான், மயில் என்று வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும். மிருகக்காட்சிசாலை அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அரை மணி நேரம் நிறைய.

தொந்தரவுகளையும் சொல்ல வேண்டும். கனடா வாத்துகள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன, புல்லில் எங்கும் எச்சம். தடிமனான பாய் ஒன்றும் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளாத செருப்பும் இதற்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். உயரமான புல், புதர்ப் பக்கம் போனால் உண்ணி ஏறும். நியூ ஜெர்சியில் உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் இருப்பதால் இதை லேசாக விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைக் குளிக்க விடுவேன். கோடையில் சூரியன் மறைந்ததும் கொசு. ஆற்றில் இறங்கி விளையாட விட வேண்டாம்: சேறு இழுக்கும், ஓதத்தின் வேகமும் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பகுதி மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கு மாநில அரசின் எச்சரிக்கையும் உண்டு. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் எதிர்மேட்டு ஸ்டேடியத்தில் ஃபுட்பால் ஆட்டம் இருந்தால் ரிவர் ரோடு நகராது. அன்று ஞாயிறுக்குத் தள்ளிவிடுங்கள்.

பத்துப் பதினைந்து குடும்பமாகப் போவதானால் பிக்னிக் இடத்தைக் கவுன்டியிடம் முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். நாங்கள் வருடம் தவறாமல் அப்படிப் போவது ஆடிப்பெருக்குக்கு, அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் என்று வீட்டுக்கு ஒன்றாகக் கட்டி வருவோம், அப்பளம் மட்டும் என் பொறுப்பு. ஆற்றில் பூவோ விளக்கோ எதுவும் விடுவதில்லை. கரையில் நின்று கும்பிட்டுவிட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, இலையைப் போடுவோம்.

மாமாவால் இப்போது பயணம் செய்ய முடிவதில்லை. போன ஆடிக்கு அங்கே இரவு எட்டரை மணி இருக்கும், வீடியோ காலில் வந்தார். காவிரியில் இந்த வருடம் படித்துறையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது என்று சொல்லிவிட்டு, "அங்க எப்படி?" என்று கேட்டார். பெரியவன் ஃபோனை வாங்கி ஆற்றுப் பக்கம் திருப்பினான். குனிந்து ஒரு குச்சியை எடுத்து வீசிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏறுது தாத்தா."