டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: வேலூரில் இருந்து படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்காக ஒரு மதிப்புரை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கங்களில் குறும்படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். எந்தக் கேமரா வாங்கலாம் என்பது ஒன்று. தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்திலோ புனே திரைப்படக் கல்லூரியிலோ படிக்காமல் இயக்குநராக முடியுமா என்பது மற்றொன்று. எடுத்த படத்தை வெட்டி, ஒலி சேர்த்து, நிறம் திருத்தி, ஒரு முழுப் படமாக முடித்துக் காட்டும் வேலையை எங்கே பழகப் போகிறீர்கள் என்றுதான் நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன். அந்த வேலையைப் பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருள். அதன் இலவசப் பதிப்பை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

டாவின்சி என்ற பெயர் ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களின் நிறத்திருத்த அறைகளில் மட்டுமே புழங்கியது. அந்த இயந்திரங்களின் விலை லட்சக்கணக்கான டாலர்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிளாக்மேஜிக் 2009-இல் அவற்றைத் தயாரித்த டாவின்சி நிறுவனத்தை வாங்கியது. பிறகு காட்சிக் கலவைக்கான ஃபியூஷனை 2014-இலும், ஒலி வேலைக்கான ஃபேர்லைட்டை 2016-இலும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்தது. இலவசப் பதிப்புக்கு நாள் கெடு கிடையாது. இலவசக் கருவிகளோடு நின்றுகொண்டால், முடித்த படத்தின் மேல் நிறுவன முத்திரை விழுவதும் கிடையாது. 3840×2160 அளவிலும் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்திலும் படத்தை வெளியே எடுக்கலாம். கைப்பேசியிலோ சாதாரண மிரர்லெஸ் கேமராவிலோ எடுக்கப்படும் குறும்படத்துக்கு அதற்கு மேல் தேவை இருப்பதில்லை.

நம் ஊரில் எடிட்டிங் தெரிந்தவர்களில் பலர் கல்யாண வீடியோ தொழிலில் கை பழகியவர்கள். எடியஸ், பிரீமியர் ஆகிய எடிட்டிங் மென்பொருள்களில் அவர்களுக்கு இருக்கும் வேகம் மரியாதைக்குரியது. ரிசால்வுக்கு வந்தாலும் பிரீமியரின் விசைக் குறுக்குவழிகளையே தேர்ந்துகொள்ளும் வசதி இருப்பதால் அந்த வேகம் வீணாவதில்லை. ஆனால் முகூர்த்தப் பாட்டின் தாளத்துக்கு வெட்டிப் பழகிய கைக்கு, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர் முகத்தில் இரண்டு நொடி கூடுதலாக நிற்பது முதலில் கடினமாக இருக்கும். ரிசால்வின் எடிட் பக்கத்தில் படத்தின் வெட்டை ஓரிடத்திலும் ஒலியின் வெட்டை வேறோரிடத்திலும் வைப்பது மிக எளிது. மகனின் வசனம் முடிவதற்குள் அம்மாவின் முகத்துக்குப் போய்விட்டால், அந்த வசனம் அவள்மேல் எப்படி இறங்குகிறது என்பதே காட்சியாகிவிடும். இதை ஒருமுறை தன் கையால் செய்து பார்த்தவருக்கு இயக்கம் பற்றிய பாதிப் பாடம் புரிந்துவிடும்.

என் கணிப்பில், இந்த மென்பொருளில் மிகவும் பயனுள்ள பகுதி ஃபேர்லைட் என்னும் ஒலிப் பக்கம். நம் பக்கத்துக் குறும்படங்கள் பலவற்றில் கதையும் நடிப்பும் நன்றாக இருந்தும் வசனம் காதில் விழாமல் போவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுச் சமையலறையில் அம்மாவும் மகனும் பேசும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். மே மாத வெயிலில் மின்விசிறியை நிறுத்தினால் நடிப்பவர்கள் முகத்தில் வியர்வை வழியும். ஓடவிட்டால் வசனம் முழுவதும் அதன் இரைச்சல் உட்கார்ந்துகொள்ளும். நிறுத்தித்தான் ஆக வேண்டும், வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒரு கைதட்டலோடு, காலர் மைக்கில் ஒலியைத் தனியாகப் பதிவு செய்துவிட்டால், அலைவடிவத்தை ஒப்பிட்டுப் படத்தோடு பொருத்தும் வேலையை ரிசால்வே செய்துவிடும். டியூப் லைட்டிலிருந்து வரும் ரீங்காரத்தைக் குறைப்பதற்கு டி-ஹம்மர் என்ற கருவி இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதையும் 50-இல் வைக்க வேண்டும். எதிர்வீட்டுக் குக்கர் விசில் இரண்டு வசனங்களுக்கு நடுவில் வந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால்தான் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்க வைத்து, அந்த அறையின் ஓசையை அரை நிமிடமாவது பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அரை நிமிட ஓசையைக் காட்சி முழுவதற்கும் அடியில் விரித்துவிட்டால் வெட்டுகள் எல்லாம் மறைந்துவிடும். கடைசியாக, ஒலியளவுக் கணக்கைக் காட்டும் மீட்டரும் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. யூடியூபில் ஏற்றப் போகிறவர்கள் -14 எல்.யு.எஃப்.எஸ். (கேட்கும் ஒலியளவை அளக்கும் அலகு) அருகில் வைத்துக்கொண்டால் போதும்.

நிறத்துக்கான பக்கம்தான் இந்த மென்பொருளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பக்கத்துக்கு வருவதற்கு முன்னால் படத்தை ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலியையும் இதே நிறுவனம் ஐபோனுக்கும் சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் இலவசமாகத் தருகிறது. அதில் நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று நிறுத்தி, வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வெண்சமநிலையையும் பூட்டிவிட வேண்டும். ஷட்டரைக் கைப்பேசியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் நம் ஊர்க் குழல்விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடுவதற்கு வாய்ப்புண்டு. வெண்சமநிலையை விட்டுவிட்டால் ஒரே ஷாட்டுக்குள் சுவரின் நிறம் மாறும். இப்படி ஒழுங்காக எடுத்த படத்தில், ஜன்னல் பக்கம் மஞ்சளாக இருந்த அம்மாவின் புடவை குழல்விளக்குப் பக்கம் பச்சை தட்டியிருப்பதைத் திருத்துவது சில நிமிட வேலை. ஒவ்வொரு திருத்தத்தையும் தனியாக வைக்கும் கட்டத்துக்கு நோட் என்று பெயர்; முதல் நோடில் வெளிச்சம், இரண்டாவதில் நிறச் சமநிலை, மூன்றாவதில் முகம் மட்டும் என்று தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால் எது எதை மாற்றியது என்று பின்னால் தெரியும். கண்ணை மட்டும் நம்பாமல், வெளிச்சத்தை அளந்து காட்டும் வேவ்ஃபார்ம், நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த நிறக் கோப்புகளைப் படம் முழுவதற்கும் பூசி, நம் மனிதர்களின் கறுத்த முகங்களைச் சாம்பலாகவோ வெளுப்பாகவோ ஆக்குவதை நான் அறவே ஏற்பதில்லை. பாலாற்று மணலில் வெயிலில் நிற்கும் ஒரு முகம் எந்த நிறத்தில் இருக்கிறதோ, அந்த நிறத்திலேயே அதை அழகாகக் காட்டுவதற்கான கருவிகள் அனைத்தும் இங்கே இருக்கின்றன.

குறைகளும் உண்டு. 16 ஜிபி நினைவகம் வேண்டும் என்று நிறுவனமே சொல்கிறது. ஃபியூஷனைத் தொட்டால் 32. கல்லூரி மாணவர்கள் கையில் இருக்கும் 8 ஜிபி மடிக்கணினியில் திணறும். வேலூர் வெயிலில் மடிக்கணினி சூடேறிக் கூடுதலாக மெதுவாகும் என்பதால், கனமான வேலைகளை விடியற்காலையில் வைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசிக் கோப்புகளை அப்படியே டைம்லைனில் போட்டுத் தவிக்காமல், முதலில் சிறிய ப்ராக்ஸிப் பிரதிகளை உருவாக்கிக்கொண்டு எடிட் செய்துவிட்டு, கடைசியில் மூலக் கோப்புகளிலிருந்து படத்தை வெளியே எடுக்கலாம்.

இதைவிட ஆபத்தானது வேறொன்று. ரிசால்வ் உங்கள் ப்ராஜெக்டைப் படக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் சேமிப்பதில்லை. தனக்குள் இருக்கும் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக் கணினிக்குப் போனால் படத்துண்டுகள் இருக்கும், எடிட் இருக்காது. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ப்ராஜெக்டைத் தனிக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து இரண்டு இடத்தில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மென்பொருளுக்குத் தமிழ் இடைமுகம் இல்லை என்பதும் எனக்கு வருத்தமே. நிறுவனத்தின் தளத்தில் பயிற்சி நூல்களும் பயிற்சிக்கான படத்துண்டுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் படிப்படியாக எழுதப்பட்டிருப்பதால், பக்கத்தில் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு செய்துபார்த்தே முன்னேற முடியும்.

இனி கல்லூரிக் கேள்விக்கு வருகிறேன். திரைப்படக் கல்லூரி தருவதில் கருவிப் பயிற்சி ஒரு பங்குதான். உடன் படிக்கும் ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், நடிகர் என்று ஒரு கூட்டமும், எடுத்த படத்தை முகத்துக்கு நேரே குறை சொல்லும் ஆசிரியர்களும் கிடைப்பது அங்கே பெரிய பேறு. அரசு நிறுவனத்தில் இடம் கிடைப்பவர்கள் தயங்காமல் போக வேண்டும் என்றே சொல்வேன். கிடைக்காதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் குறும்படங்கள் எடுத்து, தொலைக்காட்சிப் போட்டி வழியாகப் பெரிய திரைக்கு வந்தவர்கள். ரிசால்வ் உங்களுக்குக் கூட்டத்தைச் சேர்த்துத் தராது. கதை எழுதியும் தராது. ஆனால் எடிட்டர், ஒலிக் கலவையாளர், நிறத்திருத்துநர் ஆகிய மூவரின் வேலையையும் ஒருவரே செய்து பார்க்க வைக்கிறது. அந்த மூவரோடு நாளை வேலை செய்யப் போகும் இயக்குநருக்கு, அவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைப் படப்பிடிப்பிலேயே சரி செய்திருக்க வேண்டும் என்பது தெரிந்திருப்பது மிகப் பெரிய பலம். எனவே முதல் இரண்டு மூன்று படங்களை முழுவதும் தாமே முடித்துவிட்டு, அதன் பிறகு வேலையைப் பிரித்துக் கொடுப்பதே நல்லது.

பணம் கட்டி வாங்கும் ஸ்டுடியோ பதிப்பின் விலை அமெரிக்காவில் 295 டாலர். மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை, ஒருமுறை கட்டினால் போதும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் கருவி, வசனத்தைச் சுற்றுச்சத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் கருவி, பேச்சிலிருந்து தானாகவே வசன வரிகள் உருவாக்கும் வசதி ஆகியவை அதில்தான் உண்டு. இலவசப் பதிப்பில், படத்தின் இரைச்சலை நீக்குவது போன்ற ஸ்டுடியோ பதிப்புக்கான காட்சி விளைவுகளைத் தொட்டால் திரையில் முத்திரை விழும். பதற வேண்டாம், அந்த விளைவை நீக்கினால் முத்திரையும் போய்விடும். இரவுக் காட்சிகள் நிறைய எடுப்பவர்களுக்கும், எடிட்டிங்கில் வருமானம் பார்க்கத் தொடங்கியவர்களுக்கும் ஸ்டுடியோ பதிப்பு தகும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் முதலில் ஒரு நல்ல காலர் மைக் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் மடிக்கணினிக்கு இன்னொரு 8 ஜிபி நினைவகம் போட முடியுமா என்று கடையில் கேளுங்கள்.