ரேஸ் ஈக்வாலிட்டி சார்ட்டர்: வெண்கலத்துக்கு விண்ணப்பிக்கும் முன்

ரேஸ் ஈக்வாலிட்டி சார்ட்டர் என்பது இனச் சமத்துவத்துக்கான விருதுத் திட்டம். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்காக 2016-இல் தொடங்கிய இதை இப்போது அட்வான்ஸ் ஹெச்.இ. என்ற உயர்கல்வி அமைப்பு நடத்துகிறது. உறுப்பினரான பல்கலைக்கழகம் சுயமதிப்பீட்டுக் குழு அமைத்து, மாணவர், ஊழியர் புள்ளிவிவரங்களைத் திரட்டி, கருத்துக்கணிப்பு எடுத்து, செயல்திட்டத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். தேறினால் வெண்கல விருது, அடுத்து வெள்ளி.

கறுப்பின மாணவர்களுக்கு இதனால் பயன் உண்டா? உண்டு, புள்ளிவிவர அட்டவணையை இன வாரியாகச் சரியாகப் பிரித்தால் மட்டும். 'பேம்' (BAME: கறுப்பினர், ஆசியர், பிற இனச் சிறுபான்மையினர்) என்று எல்லாச் சிறுபான்மையினரையும் ஒரே பத்தியில் போடுவதுதான் வழக்கமான கோளாறு. 2017-18-இல் முதல் வகுப்போ மேல் இரண்டாம் வகுப்போ பெற்றவர்களின் விகிதத்தில் வெள்ளையருக்கும் 'பேம்' மாணவருக்கும் இடைவெளி 13 சதவீதப் புள்ளி. கறுப்பின மாணவரை மட்டும் எடுத்தால் 20-ஐத் தாண்டியது. அந்த மொத்தக் கணக்கை நம்பித் திட்டம் போட்டால் மருந்து வேறு ஆளுக்குப் போகும். கறுப்பு ஆப்பிரிக்கர், கறுப்பு கரீபியர், உள்நாட்டவர், வெளிநாட்டவர் எனத் தனித்தனியாக எடுங்கள். நுழைவு மதிப்பெண் ஒன்றாக இருப்பவர்களை ஒப்பிடுங்கள். 'அவர்கள் குறைந்த மதிப்பெண்ணோடு வந்தவர்கள்' என்ற சாக்கு அங்கே எவ்வளவு தூரம் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

சிறிய துறைகளில் எச்சரிக்கை வேண்டும். நான்கு பேர் உள்ள வகுப்பில் ஒருவர் தவறினாலே 25 புள்ளி சரியும். மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். பிரிட்டனின் உயர்கல்விப் புள்ளிவிவர அமைப்பான ஹெசா வெளியிடும் எண்கள் ஐந்தின் மடங்காக முழுமையாக்கப்பட்டவை. இரண்டு கறுப்பின விரிவுரையாளர் அதில் பூஜ்யம்! ஊழியர் பகுதிக்கு உள் பதிவேடுதான் சரி: விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், நியமனமானவர், தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவர்.

புகார் எண்ணிக்கை குறைவு என்று பெருமைப்படும் விண்ணப்பங்களை நம்ப வேண்டாம். சமத்துவ, மனித உரிமை ஆணையத்தின் 2019 ஆய்வில் கறுப்பின மாணவரில் 29% பேர் இனத் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். புகார் வராத இடத்தில் பெரும்பாலும் நம்பிக்கைதான் இல்லை. யார் விசாரிப்பார், எத்தனை நாளில், முடிவு புகார் கொடுத்தவருக்குத் தெரியுமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

செயல்திட்டத்தில் 'விழிப்புணர்வை வளர்ப்போம்' போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். பொறுப்பாளர், தேதி, இலக்கு எண் மூன்றும் இல்லாத வரி வெறும் அலங்காரம்.

திட்டத்தின் பெரிய பலவீனம் உழைப்புக் கணக்கு. குழுவின் வேலை வழக்கமாக இருக்கிற ஒரு சில கறுப்பின ஊழியர் தலையில்தான் விழும். பதவி உயர்வுக்கான ஆய்வு நேரத்தை அதுவே தின்றுவிடும். அந்த நேரத்துக்கு ஈடாகக் கற்பித்தல் மணியைக் குறைத்து எழுத்தில் தராத பல்கலைக்கழகம், விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிப்போடலாம்.