வேட்டையாடிய எல்க் மானைக் காட்டிலேயே கூறு போட: எந்த முறை, எந்தக் கருவி உங்கள் உடம்பைக் காப்பாற்றும்?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் வளர்ந்த ஆண் எல்க் ஒன்று உயிரோடு 300 கிலோ வரும். குடலை எடுத்துப் போட்ட பிறகும் 200 கிலோவுக்குக் குறையாது. ஆட்டைக் கொக்கியில் மாட்டி உரிக்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் முதுகு போய்விடும். இதயத்துக்கும் இது சாதாரண வேலை இல்லை. மிச்சிகனில் 25 ஆண்களுக்கு ஈசிஜி மாட்டி மான் வேட்டைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. டிரெட்மில்லில் எட்டிய உச்சத் துடிப்பின் 85 சதவீதத்தை 22 பேர் காட்டில் தாண்டியிருந்தார்கள். சுட்ட மானின் உடலை இழுத்து வருவதும் அங்கே அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று.

வழிகள் மூன்று: வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பது, வயிற்றைத் திறக்காமலே கூறு போடுவது, கப்பி கட்டித் தூக்கி உரிப்பது.

வயிற்றைக் கீறும் பழைய முறை

60, 70 கிலோ வெள்ளைவால் மானுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. கால் மணி நேரத்தில் முடியும், ஈரலும் இதயமும் சேதமில்லாமல் வரும், உடலை முழுசாக வண்டி வரை இழுத்துவிடலாம். எல்க்குக்கு இதே முறை பாதி மல்யுத்தம். மல்லாக்கப் போட்டால் நிற்காது, ஒரு பக்கம் சாயும். கால்களை மரத்தில் இழுத்துக் கட்டி, முழங்காலில் நின்று, தோள்வரை கையை உள்ளே விட்டு மூச்சுக்குழாயை அறுக்க வேண்டும். அந்த நேரத்தில் கத்தி கண்ணுக்குத் தெரியாது. சொந்த விரலை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சிறுநீர்ப்பையோ குடலோ கிழிந்தால் தொடைக்கறி நாறும். இவ்வளவும் செய்து மிஞ்சுவது, நகர்த்த முடியாத 200 கிலோ.

வயிற்றைத் திறக்காத முறை

ஒருவரோ இருவரோ மலைமேல் இருந்தால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். எடையைத் தூக்கவே வேண்டியதில்லை. விலங்கு விழுந்த வாக்கில், ஒரு பக்கமாகப் படுக்கவிட்டே வேலை நடக்கும்.

பிடரியிலிருந்து வால்வரை முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறுங்கள். கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கட்டும், தோலுக்கு அடியிலிருந்து வெளியே வெட்ட வேண்டும். முடியின் மேலிருந்து வெட்டினால் கறியெல்லாம் முடி, கத்தியும் பத்து நிமிடத்தில் மழுங்கும். தோலை வயிற்றுப்பக்கம் உரித்துத் தள்ளி விரித்தால் அதுவே சுத்தமான பாய்.

முன்னங்கால் சப்பையில் மூட்டெலும்பு உடலோடு சேர்ந்திருக்காது, வெறும் தசைப்பிடிப்புதான். காலை உயர்த்திப் பிடித்து, விலாவுக்கும் சப்பைக்கும் நடுவே வெட்டிக்கொண்டே போனால் கழன்று வரும். பின்தொடையில் இடுப்பெலும்பை ஒட்டி வெட்டி, பந்துக்கிண்ண மூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் தசைநாரை அறுக்க வேண்டும். உடம்பைக் கசக்குவது கத்தி வேலையை விட, 25, 30 கிலோ காலை ஒரு கையில் தாங்கிக்கொண்டே வெட்டுவதுதான். இதற்கு மருந்து மலிவானது: 6 மில்லிமீட்டர் கயிறு, 5 மீட்டர் நீளத்தில் இரண்டு. குளம்புக்கு மேல் சுருக்கிட்டு, மேட்டுப்பக்க மரத்தில் இழுத்துக் கட்டினால் கயிறு காலைத் தாங்கும், இரண்டு கையும் உங்களுக்கு. முழங்காலுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து முதுகுக்கறி, கழுத்துக்கறி. பிறகு புரட்டி மறுபக்கம். பாதி எடை போய்விட்டதால் புரட்டுவது எளிது. உள்முதுகுக்கறி கடைசியில்: கடைசி விலாவுக்குப் பின்னால் சிறிதாகக் கீறி, இரைப்பையைக் கையால் கீழே அழுத்திக்கொண்டு, விரலால் உருவி எடுங்கள். தாமதித்தால் வயிறு ஊதி வழியை அடைத்துவிடும். ஈரல் வேண்டுமென்றால் கடைசியில் எப்படியும் வயிற்றைத் திறக்கத்தான் வேண்டும், அது ஒரு குறை.

இன்னொன்று சட்டம் சம்பந்தமானது. தலையை உடலோடு ஒட்டியபடியே கொண்டுவராவிட்டால், ஆணா பெண்ணா என்பதற்கான உறுப்புத் துண்டு கறியோடு இயற்கையாக ஒட்டியபடியே இருக்க வேண்டும். அறுத்துத் தனிப் பையில் போட்டால் கொலராடோவில் செல்லாது.

கப்பி

நான்கு மடங்கு கப்பி 200 கிலோவை 50 கிலோவாக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். உராய்வைச் சேர்த்தால் இழுப்பு 60-ஐத் தாண்டும். இரண்டு மீட்டர் உயர்த்த எட்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். எல்க் முழுசாகத் தொங்க 4 மீட்டர் உயரத்தில் உறுதியான கிளையும் வேண்டும். மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். மலைமேல் இது வீண் சுமை. முகாமிலோ பிக்கப் வண்டியின் பின்னால் பொருத்தும் தூக்கியிலோ கதை வேறு: நின்றபடி, இடுப்புயரத்தில் உரிக்கலாம். முதுகுவலிக்காரர் மான் உரிக்க இதைவிட நல்லது கிடையாது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

கத்தி

மாற்று பிளேடு கத்தி சவரக்கத்திக் கூர்மை, தோல் உரிக்க வெண்ணெய். ஆனால் மூட்டில் நுழைத்துத் திருகினால் பிளேடு ஒடியும், துண்டு கறிக்குள் ஒளிந்துகொள்ளும். 9, 10 சென்டிமீட்டர் மடங்காத நிலைக்கத்தி மூட்டுக்கு, மாற்று பிளேடு தோலுக்கு என்று இரண்டும் வைத்துக்கொள்வதே சரி. கையுறை கட்டாயம், மான்களிடையே சிடபிள்யூடி எனும் மூளைநோய் பரவியிருப்பதால் மூளை, தண்டுவடம் பக்கம் கத்தியைக் கொண்டுபோக வேண்டாம்.

கீழே இறக்க

சக்கர வண்டி சமதளத்தில் ராஜா. ஆனால் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி 'வில்டர்னஸ்' என்று அறிவிக்கப்பட்ட கூட்டரசுக் காடுகளில் சக்கரத்துக்கே தடை. பனியும் இறக்கமும் இருந்தால் பிளாஸ்டிக் ஸ்லெட் நன்றாக ஓடும். சரிவில் அது முந்திக்கொண்டு உங்கள் குதிகாலை அடிக்கும், பின்னால் ஒருவர் கயிறு பிடிக்க வேண்டும். மற்ற எல்லா இடத்துக்கும் சட்டகம் பொருத்திய முதுகுப்பைதான். எலும்பை நீக்கினால் ஒரு தொடையில் 3, 4 கிலோ குறையும், சூடும் சீக்கிரம் இறங்கும். ஆனால் எலும்பில்லாக் கறி பைக்குள் சரிந்து கீழே தொங்கும். தோள்பட்டை உயரத்தில், முதுகை ஒட்டி இறுகக் கட்டாவிட்டால் ஒவ்வோர் அடியிலும் பின்னால் இழுக்கும். நடைக்கு 30 கிலோ போதும், இரண்டு ஊன்றுகோலோடு. நான்கைந்து நடை ஆகும். காத்திருக்கும் கறியைக் காற்றோடும் துணிப்பையில், நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் சூடு வெளியேறாமல் எலும்போரம் புளித்துவிடும்.