ஆர்க்கிடெக்ட் நண்பர்களே, வெப்சைட் செய்யக் கொடுக்கும் முன் படியுங்கள்: ரூ.68,000 போச்சு

கிருஷ்ணகிரியில் சின்னதாக ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் வைத்திருக்கிறேன். எங்கள் வேலைகளைக் காட்ட ஒரு வெப்சைட் வேண்டுமென்று ரூ.68,000 கொடுத்தேன். இன்று காலையிலிருந்து அந்த வெப்சைட் திறக்கவே இல்லை. டொமைனும் (வெப்சைட் முகவரி) என் பெயரில் இல்லையாம். வயிறு எரிகிறது.

ஊருக்குள்ளேயே போர்டு மாட்டிய வெப் டிசைன் கடைதான். பெயர் வேண்டாம்.

எங்கள் தொழிலில் ஃப்ளெக்ஸ் கட்டி ஆள் பிடிக்க முடியாது. விளம்பரம் கூடாது என்று ஆர்க்கிடெக்ட்களுக்கான 1989 நடத்தை விதிகளே சொல்கின்றன. கட்டிய வீட்டைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் வருவார். அதனால் இந்த வெப்சைட்டை அவ்வளவு ஆசையாகக் கேட்டேன்.

ஆபீசுக்கு வந்த கடைக்காரன் நேராக வீட்டு மாடல் இருந்த மேசைக்குப் போனான். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் நாங்கள் கட்டிய வீடு. குனிந்து முற்றத்துக்குள் எட்டிப் பார்த்து, "மத்தியான வெயில் இதுக்குள்ள எதுவரைக்கும் வரும்க்கா?" என்றான். கல் சுவர் போட்டோவைப் பெரிதாக்கி, "நம்மூர் கிரானைட்டா? இதைத்தான் முதல் பக்கத்துல வைக்கணும்" என்றான். வீட்டுக்காரரே கேட்காத கேள்வி அது! அன்றைக்கே ரூ.40,000 ஜிபே செய்தேன். மீதி ரூ.28,000-ஐ "சர்வர் வாங்கணும்க்கா" என்று சொல்லி, வேலை முடியும் முன்பே வாங்கிக்கொண்டான்.

வந்தது என்ன தெரியுமா? முதல் பக்கத்தில் நீச்சல் குளத்தோடு எந்த நாட்டு வீடோ. ப்ராஜெக்ட் விவரம் இருக்க வேண்டிய இடத்தில் லோரம் இப்சம், அதாவது இடம் நிரப்பப் போடும் அர்த்தமில்லாத எழுத்து. செக்‌ஷன் டிராயிங்கை (கட்டடத்தை நடுவில் வெட்டிக் காட்டும் படம்) சுருக்கி ஜேபிஜியாகப் போட்டதில் மெல்லிய கோடெல்லாம் அழிந்து, சுவர் எது தரை எது என்றே தெரியவில்லை. போட்டோக்களோ கேமராவில் எடுத்த சைஸிலேயே கிடந்தன. தேன்கனிக்கோட்டை சைட்டில் நின்று ஒரு கிளையண்ட் மொபைலில் திறந்தார், சுற்றிக்கொண்டே இருந்தது.

கேட்டால், "கேச் கிளியர் பண்ணிப் பாருங்க்கா." அப்புறம் "டெவலப்பர் லீவு." அப்புறம் போனே எடுப்பதில்லை. கடைக்கே போனேன். "சார் பெங்களூர் போயிருக்காருங்க" என்றது அங்கே உட்கார்ந்திருந்த பொண்ணு. அவன் வண்டி வாசலில் நிற்கிறது!

டொமைனை என் பேருக்கு மாற்றிக் கொடு என்றதும் "ரிலீஸ் சார்ஜ்" ரூ.15,000 கேட்டான். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற டொமைன் அது. டொமைன் விற்ற கம்பெனியோ, அக்கவுண்ட் யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவோம் என்று முடித்துவிட்டது. அந்த சார்ஜைத் தர மாட்டேன் என்றேன், சைட்டை இறக்கிவிட்டான்.

ரூ.68,000-ஐ விடப் பெரிய அடி இன்னொன்று. ராயக்கோட்டையில் பண்ணை வீடு கட்டப் போகிறவர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். "உங்க வெப்சைட்ல மெசேஜ் போட்டேனே மேடம், பதிலே வரலையே" என்கிறார். கான்டாக்ட் ஃபார்மில் வந்ததெல்லாம் அந்தக் கடை மெயிலுக்குப் போயிருக்கிறது. இன்னும் எத்தனை பேர் எழுதினார்களோ.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. டொமைன், ஹோஸ்டிங் (சைட்டை வைக்கும் சர்வர் இடம்) இரண்டையும் உங்கள் மெயில் ஐடியில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். ஃபார்மில் ஒரு மெசேஜ் போட்டு உங்களுக்கு வருகிறதா பாருங்கள். டிராயிங்கை எஸ்விஜியாக (பெரிதாக்கினாலும் கோடு மங்காத பட வகை) போடச் சொல்லுங்கள். கையில் சைட் வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். வாட்ஸப் சாட்டை அழிக்காதீர்கள்.

"பிசினசுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்ல நிக்காது" என்று மிரட்டுகிறான். சுயதொழில் செய்து பிழைப்பதற்கு மட்டுமே வாங்கிய பொருளை 2019 நுகர்வோர் சட்டம் விலக்கவில்லை; வெப்சைட் மாதிரி சேவைக்கும் அது பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கத்தான் போகிறேன். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டேன், மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தர்மபுரி, ஓசூர் பக்கம் இதே மாதிரி "ரிலீஸ் சார்ஜ்" கேட்கப்பட்டவர்கள் இருந்தால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், சேர்ந்தே போடலாம்.