கிளாக்கோமா: சொட்டு மருந்தா, லேசரா, ஆபரேஷனா?

கிளாக்கோமா, அதாவது கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய், என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, "போன பார்வை திரும்புமா?" திரும்பாது. மூன்று சிகிச்சைகளுமே கண்ணுக்குள் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் பார்வை நரம்பைக் காப்பாற்றத்தான். அதனால் எது வருடக்கணக்கில் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே பேசுவது பரவலாகக் காணப்படும் திறந்த கோண வகையைப் பற்றி, அதாவது கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் மூலை (கோணம்) திறந்தே இருக்கும் வகை.

சொட்டு மருந்து நன்றாகவே வேலை செய்யும். லட்டனோபிராஸ்ட் இரவில் ஒரு சொட்டு போதும். கண் சிவக்கலாம், இமை கருக்கலாம், இமை முடி நீளலாம், பெரும்பாலும் அவ்வளவுதான். டிமோலால் அப்படியல்ல. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும், இதயத் துடிப்பையும் குறைக்கும். ஆனால் பெரிய சிக்கல் மருந்தில் இல்லை, தொடர்ந்து போடுவதில்தான். வலி கிடையாது, பார்வையும் நன்றாக இருப்பதாகத் தோன்றும், பாட்டில் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கை நடுங்கும் பெரியவர்களுக்குப் பாதி மருந்து கன்னத்தில் வழிகிறது. கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரம் உள்ள கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்த வேண்டும். மருந்து கண்ணிலேயே தங்கும், உடம்புக்குள் போவது குறையும். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்துத்தான்.

எஸ்.எல்.டி. லேசருக்கு அட்மிட் ஆக வேண்டாம். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்ணில் ஒரு லென்ஸ் வைத்து, சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் திசுவை அது தூண்டிவிடுகிறது. 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் 74 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டு கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. 2022 முதல் அந்நாட்டு வழிகாட்டுதலும் லேசரையே முதலில் சொல்கிறது. பலன் காலப்போக்கில் குறையும், திரும்பச் செய்யலாம். சிலருக்குப் பலிப்பதே இல்லை. செக்கப்பை நிறுத்தக் கூடாது.

நோய் புதிதாக, ஆரம்பக் கட்டத்தில் தெரியவந்திருந்தால் முதலில் லேசரைப் பற்றிக் கேளுங்கள் என்பேன். தினமும் நினைவில் வைக்க வேண்டிய ஒரு வேலை குறைகிறதே, அதுவே பெரிய விஷயம்.

முற்றிய நோய்க்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறப் புது வழி திறக்கும் டிராபெகுலெக்டமி ஆபரேஷன் அழுத்தத்தை நன்றாகவே இறக்கும். ஆனால் முதல் சில வாரங்கள் அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். புதிதாகத் திறந்த வழியில் கிருமி தொற்றும் ஆபத்து வாழ்நாள் முழுக்க உண்டு. அந்த ஆபரேஷன் பலிக்காவிட்டால், நீரை வடிக்கக் கண்ணில் சிறு டியூப் வைப்பார்கள். மதுரை அரோலேப் நிறுவனம் அதைக் குறைந்த விலையில் தயாரிக்கிறது.

அப்புறம், மூடிய கோண வகைக்குக் கணக்கே வேறு. அங்கே கருவிழித்திரையில் (ஐரிஸ்) லேசரால் சிறு துளை போடுவது, சிலருக்குக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸையே மாற்றுவது என்று போகும். அதனால் டாக்டரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "கோணத்தைப் பார்த்தீர்களா, திறந்திருக்கிறதா?"